வன்னியில் வயது போகிற காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியோர் சங்கக் கூட்டம், மாதர் சங்கக் கூட்டம், கிளினிக் வாங்கு, செத்தவீட்டுப் பந்தல் என்று எங்கே இந்தப் பேச்சு எழுந்தாலும் வருகிற கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன். வன்னி என்று இங்கே சொல்வது முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், கிளிநொச்சி நாலையும்தான். தேர்தல் கணக்கு கிளிநொச்சியை யாழ்ப்பாணத்தோடு சேர்த்துவிட்டாலும் குளமும் வயலும் அப்படிப் பிரிவதில்லை.

"சனத்தொகை முதுமையடையுது எண்டா என்ன? வயசு போறது எல்லாருக்கும் போறதுதானே?"

ஒரு ஆளுக்கு வயது போவது வேறு, ஒரு நாட்டுக்கு வயது போவது வேறு. நூறு பேரை நிறுத்தி வைத்தால் அதில் எத்தனை பேர் முதியவர்கள் என்ற பங்கு கூடிக்கொண்டு போவதைத்தான் சனத்தொகை முதுமையடைதல் என்கிறார்கள். இலங்கைச் சட்டத்தில் 60 வயது கடந்தவர் முதியவர். வெளிநாட்டுக் கணக்குகளில் பெரும்பாலும் 65. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை பிடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1981 கணக்கெடுப்பில் நாட்டில் 60 கடந்தவர்கள் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 2012 இல் அது 12 ஐத் தாண்டியது. 65 கடந்தவர்களை மட்டும் எடுத்தால் 2012 இல் 7.9 வீதம், 2024 இல் 12.6 வீதம். அதே பன்னிரண்டு வருடத்தில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பங்கு 25.2 இல் இருந்து 20.7 க்கு இறங்கிவிட்டது.

"முந்தியும் கிழடுகட்டைகள் இருந்ததுகள்தானே? இப்ப மட்டும் எப்பிடிக் கூடினது?"

இரண்டு காரணம். ஒன்று, ஆட்கள் கூடக் காலம் சீவிக்கிறார்கள். 1946 அளவில் இலங்கையில் பிறந்த ஒரு பிள்ளைக்கு எதிர்பார்த்த ஆயுள் ஏறத்தாழ 43 வருடம். இன்று 76 க்கு மேல். இந்த மாற்றத்தின் ஒரு பெரிய பங்கு வன்னியின் கதைதான். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்குப் பெண் கொடுக்கப் பயந்ததே காய்ச்சலால்தான். டிடிரி மருந்து வீடு வீடாக அடிக்கத் தொடங்கிய பிறகு மலேரியாச் சாவு விழுந்தது, காடு வெட்டிக் குடியேறலாம் என்ற துணிவும் வந்தது. பிறகும் அது பல தடவை தலைதூக்கியது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

மற்றது, பிறப்பு குறைந்தது. அம்மம்மாவுக்கு ஏழு எட்டுப் பிள்ளைகள், அம்மாவுக்கு நாலு, மகளுக்கு இரண்டு. உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், கலியாணம் பிந்துகிறது, பிறந்த பிள்ளை தப்பும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது, வளர்க்கிற செலவும் ஏறிவிட்டது. 2019 இல் நாடு முழுவதும் பதிவான பிறப்புகள் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம். 2023 இல் சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம்.

இவற்றோடு வெளியேற்றமும் சேர்கிறது. 2022 நெருக்கடி வருடத்தில் மட்டும் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். போகிறது உழைக்கிற வயதுக்காரர். கிழவனும் கிழவியும் போவதில்லை.

"வன்னியில சின்னப் பிள்ளையள்தானே கூட? இது கொழும்பு, யாழ்ப்பாணத்து ஆக்களின்ர பிரச்சினை எல்லோ?"

பாதி உண்மை. கணக்கெடுப்பில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மற்ற மாவட்டங்களை விட இளமையாகத்தான் தெரியும். 2012 க்கும் 2024 க்கும் இடையில் நாட்டிலேயே வேகமாகச் சனம் கூடிய மாவட்டம் முல்லைத்தீவு, ஏறத்தாழ 92 ஆயிரத்தில் இருந்து 1 இலட்சத்து 22 ஆயிரத்துக்கு. ஆனால் அதே காலத்தில் நாட்டிலேயே மிகக் குறைவாகக் கூடிய மாவட்டம் வவுனியா, கூடவே இல்லை என்றே சொல்லலாம். ஏ9 வீதியில் ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் இரண்டு வேறு உலகம்.

மாவட்டச் சராசரி இன்னொன்றையும் மறைக்கும். வன்னியில் பல ஊர்கள் ஒரே நாளில் பிறந்தவை. முத்தையன்கட்டு, விசுவமடு பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்று வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும், இருபது இருபத்தைந்து வயதில், கத்தியும் கோடரியுமாக வந்தவர்கள். மிளகாயும் வெங்காயமும் போட்டுக் காசு பார்த்த அந்தப் பெடியளுக்கு இன்று எழுபத்தைந்து, எண்பது. ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகவே கிழவராகிறார்கள். 1977 க்கும் 1983 க்கும் பிறகு மலையகத்தில் இருந்து உயிர் தப்பி வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியிருந்த குடும்பங்களின் கதையும் இதே மாதிரிதான். மாவட்டக் கணக்கில் இளமை, ஒழுங்கைக் கணக்கில் முதுமை.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் போர். மற்ற இடங்களில் கேள்வி, முதியவர் எத்தனை பேர் என்பது. இங்கே கேள்வி, அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய நடுவயதுக்காரர் எங்கே என்பது. இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கடல் கடந்தவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர். அம்மம்மா பேரப்பிள்ளையை வளர்க்கிற வீட்டில் முதியவர் வீதத்தைப் பார்த்து ஒன்றும் விளங்காது.

"அரசாங்கம் ஏன் இருபது முப்பது வருசத்துக்கு முந்தியே திட்டம் போடோணும்? வரேக்க பாப்பம்."

சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள்தானே. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். விதைத்துவிட்டுத் தண்ணீர் பார்ப்பதில்லை. சனத்தொகைத் திட்டமும் அதுதான். சொல்லப்போனால் இது மழையை விடச் சுலபம், ஏனென்றால் 2045 இல் 60 வயதைத் தாண்டியிருக்கப் போகிற ஒவ்வொருவரும் 1985 க்கு முன்னரே பிறந்துவிட்டார்கள். எதிர்காலம் பற்றிய கணக்குகளில் இவ்வளவு உறுதியானது வேறு கிடையாது.

தயார்ப்படுத்த எடுக்கும் காலமோ நீளம். ஒரு டொக்டரை உருவாக்கப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம், பிறகு உள்ளகப் பயிற்சி. முதியோர் மருத்துவத்தில் விசேட நிபுணர் என்றால் அதற்கு மேலும் பல வருடம். ஓய்வூதிய நிதி ஒன்று கனத்து வர முப்பது வருடம் வேண்டும். இன்று கட்டுகிற பள்ளிக்கூடக் கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும், ஆனால் அதற்குள் இருக்கப் பிள்ளைகள் இருப்பார்களா? இதை எல்லாம் "வரேக்க" பார்க்க முடியாது.

இலங்கைக்கு அவசரம் இன்னும் கூட. 65 கடந்தவர் பங்கு 7 வீதத்தில் இருந்து 14 வீதத்துக்கு ஏற பிரான்சுக்கு 115 வருடம் எடுத்தது. யப்பானுக்கு 24 வருடம். நாங்கள் 2012 இல் 8 க்கு அருகில் நின்றோம், 2024 இல் 12.6. யப்பானின் வேகம் இருக்கிறது, யப்பானின் காசு இல்லை. யப்பான் 2000 ஆம் ஆண்டிலேயே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி ஒன்றைத் தொடங்கிவிட்டது, 40 வயதானால் எல்லோரும் பணம் கட்டவேண்டும்.

"சரி, என்னத்தைத்தான் கணக்குப் பாக்கினம்?"

முக்கியமாக ஒரு விகிதம்: உழைக்கிற வயதில் எத்தனை பேர், அவர்களில் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர். 15 க்கும் 64 க்கும் இடைப்பட்டவர்களை உழைக்கிற வயது என்று வைத்துக்கொள்கிறார்கள். 2012 இல் ஒரு முதியவருக்கு அப்படி எட்டுப் பேருக்கு மேல் இருந்தார்கள். 2024 இல் ஐந்துக்குக் கொஞ்சம் மேல்.

ஒரு சுவாரசியம் இருக்கிறது. நடுவில் உள்ளவர்களின் பங்கு இந்த இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையில் மாறவே இல்லை, இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு. தங்கியிருப்பவர்களின் மொத்தச் சுமை அதேதான், பிள்ளையின் இடத்தில் முதியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைக்குச் செலவழித்தால் ஒரு நாள் திரும்பி வரும் என்று எல்லோரும் மனமுவந்து செலவழிப்பார்கள். முதியவருக்கு அப்படி யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் அரசாங்கம் தலையிட வேண்டியிருக்கிறது.

இந்த விகிதத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். எழுபது வயதிலும் வரம்பில் நிற்கிற கமக்காரன் இதில் "தங்கியிருப்பவர்". இருபத்தைந்து வயதில் வேலை இல்லாமல் சந்தியில் நிற்கிறவர் "உழைப்பவர்".

"ஆளை எண்ணி என்ன லாபம்? எண்ணினா மட்டும் சோறு போடப் போகினமோ?"

எண்ணாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வன்னியை விட நல்ல சாட்சி கிடையாது. 1981 க்குப் பிறகு 1991 இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001 இல் நடந்தது, வடக்குக் கிழக்கில் முழுமையாக முடியவில்லை. 2012 இல்தான் மறுபடி முழுக்க எண்ணினார்கள். முப்பது வருடம் இங்கே பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் மதிப்பீட்டு இலக்கங்களில் ஓடின. மாகாணங்களுக்குப் பணம் பிரிக்க நிதி ஆணைக்குழு பார்க்கிற விடயங்களில் சனத்தொகையும் ஒன்று என்று அரசியலமைப்பே சொல்கிறது.

ஆகவே கணக்கெடுக்க வந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். கனடாவில் இருக்கிற மகனை வீட்டில் இருப்பதாகப் பதிந்தால் காகிதத்தில் உங்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. அதிகம் தவறுவது மாறி மாறி இருக்கிற அம்மாமார்: மூன்று மாதம் மூத்தவளோடு வவுனியாவில், மூன்று மாதம் இளையவளோடு புதுக்குடியிருப்பில். இரண்டு வீட்டிலும் "அவ அங்கதான் பதிவு" என்பார்கள்.

"அம்மாவுக்கு அறுபது தாண்டீட்டுது. கவுண்மேந்தால என்ன கிடைக்கும்?"

60 கடந்த எவரும் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. கையில் காசு வராது. வரிசையில் முன்னுரிமை, சில இடங்களில் சலுகை, அவ்வளவுதான். இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

மாதாந்த முதியோர் கொடுப்பனவு 70 கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு. இப்போது அஸ்வெசும என்கிற அரசாங்க உதவித் திட்டத்தோடு சேர்ந்து வருகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3000 ரூபாயில் இருந்து 5000 ஆக்கினார்கள். எழுபது வந்த அன்றே தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். 60 க்கும் 70 க்கும் இடையில் ஒரு பத்து வருட வெளி இருப்பதைக் கவனியுங்கள். கூலி வேலைக்கு உடம்பு ஏலாமல் போவது அந்தப் பத்து வருடத்தில்தான்.

"அம்மாவின்ர பிறப்புச் சான்றிதழ் எல்லாம் 2009 இல போட்டது போட்டபடி. வயசை எப்பிடி நிரூபிக்கிறது?"

முதலில் அடையாள அட்டையைப் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். 54 என்று தொடங்கினால் 1954. அதற்கு அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நாலு இலக்கமாகவே இருக்கும்.

பிறப்புப் பதிவு எங்கோ இருக்கிறது, பிரதிதான் தொலைந்தது என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பதியவே இல்லை, அல்லது தேடியும் பதிவு அகப்படவில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகவேண்டும். காட்டுக்குள் பிறந்த பலருக்கு இதுதான் வழி. எழுபது வந்த பிறகு ஓடித்திரிவதை விட இப்போதே செய்யுங்கள். அறுபத்தெட்டில் சாட்சி சொல்ல இருக்கிற மாமா எழுபத்தொன்றில் இருக்கமாட்டார்.

"எங்களுக்கு ஆர் பென்சன் தாறது? வயல்தான் பென்சன்."

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. கடை, கம்பனி, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு ஊழியர் சேமலாப நிதி: அவர் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். கமக்காரருக்கு 1987 இலும், பிறகு கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. பங்களிப்புக் கட்டினால்தான் அதில் கிடைக்கும். வன்னியில் அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தேவையில்லை. கட்டியவர் கொஞ்சம், கட்டிய துண்டை இடம்பெயர்வு முழுவதும் காவியவர் அதிலும் கொஞ்சம். கட்டியிருந்தாலும் கிடைப்பது மருந்துச் செலவுக்கும் காணாத தொகை.

ஆகவே வயல்தான் பென்சன் என்பது உண்மை. அதனால்தான் அதை அவசரப்பட்டுக் கைவிடக் கூடாது என்கிறேன். உறுதிக் காணி என்றால் மகளுக்கு எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கிற உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுங்கள். நொத்தாரிசிடம் கேட்டால் வெட்கம் ஒன்றும் இல்லை. பேமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த காணி, என்றால் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் பாருங்கள். பதியாமல் கண்ணை மூடினால் பிள்ளைகள் வழக்குப் பேச வேண்டிவரும். உடம்பு ஏலாவிட்டால் குத்தகைக்கு விடலாம், எழுத்தில் விடுங்கள். மச்சான்காரன் என்றாலும் எழுத்தில்தான்.

"வெளியில இருந்து காசு வருகுது. பிறகென்ன குறை?"

காசு வருவது பெரிய விடயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அனுப்புகிறவருக்கும் வயது போகிறது. 1983 இலும் அதற்குப் பிறகும் போனவர்கள் இப்போது அறுபதைத் தாண்டி அங்கேயே ஓய்வு பெறுகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு வன்னியில் இருக்கிற பெரியம்மா தொலைபேசியில் வருகிற ஒரு முகம். மாதாமாதம் வருகிற காசு நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் என்று ஆகிவிட்ட வீடுகள் இப்போதே உண்டு.

மற்றது, காசு ஆளாகாது. நெடுங்கேணிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தனியே இருக்கிற ஒரு அம்மாவுக்கு வவுனியாவில் கிளினிக் என்று வையுங்கள். கொப்பியையும் போன மாதக் குளிசை உறைகளையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்சுக்கு இருட்டோடு வந்து நிற்பார். இரத்தம் எடுக்கவேண்டும் என்பதால் வெறும் வயிறு. பஸ்சின் முதல் படி முழங்கால் உயரத்துக்கு மேல், கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவார். இலக்கம் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்துக் கவுண்டருக்கு வர மத்தியானம் தாண்டும். "இந்த மருந்து வெளியில வாங்குங்கோ" என்று துண்டு தருவார்கள். பார்மசி எதிர்ப்பக்கம், வீதியைக் கடக்க யாரும் இல்லை. ரொறன்ரோவில் இருந்து வந்த காசு மடியில்தான் இருக்கிறது.

வவுனியாவின் சில கிராமங்களில் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு இது மாதத்தில் ஒரு நாள் இல்லை. இரத்தச் சுத்திகரிப்பு என்றால் வாரத்தில் இரண்டு மூன்று தரம்.

"பிள்ளையள் பாக்காட்டி வழக்குப் போடலாமோ?"

போடலாம். மேலே சொன்ன அதே 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதியோர் பராமரிப்புச் சபை என்று ஒன்று இருக்கிறது. தன்னைத் தானே பார்க்க ஏலாத பெற்றோர், வசதி இருந்தும் பார்க்காத பிள்ளையிடம் இருந்து பராமரிப்புச் செலவு கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், விண்ணப்பத்துக்கு அவர் உதவுவார்.

எத்தனை அம்மாமார் அதில் கைநாட்டு வைப்பார்கள் என்பது வேறு கதை. "அவனுக்கும் கஷ்டம் தம்பி" என்று படிவத்தைத் திருப்பித் தருவார்கள். என் அபிப்பிராயம், அந்த உத்தியோகத்தர் பிள்ளைக்கு ஒரு தடவை போன் எடுத்தாலே பாதி அலுவல் முடிந்துவிடும்.

"முதியோர் இல்லத்தில விடுறது பாவமில்லையோ?"

ஆள் இல்லாத வீட்டில் விழுந்து கிடப்பது அதை விடப் பாவம். வட மாகாணத்தில் அரச முதியோர் இல்லம் கைதடியில் இருக்கிறது. மற்றவை தொண்டு நிறுவனங்களும் கோயில், தேவாலயம் சார்ந்தவையும் நடத்துவன. வன்னிக்குத் தேவை இன்னொரு பெரிய இல்லம் என்று நான் நினைக்கவில்லை. பகலில் வந்திருந்து, சாப்பிட்டு, பிரஷர் பார்த்து, தாயம் விளையாடி, பின்னேரம் வீட்டுக்குப் போகிற பகல்நேர நிலையங்கள்தான் ஊருக்கு ஊர் வேண்டும்.

"கூடப் பிள்ளை பெத்தா எல்லாம் சரிவராதோ?"

இன்று பிறக்கிற பிள்ளை உழைத்து வரி கட்ட இருபது இருபத்தைந்து வருடம். அதுவரைக்கும் உழைக்கிறவர் முதியவரையும் பிள்ளையையும் சேர்த்துத் தாங்கவேண்டும். தென்கொரியா பிள்ளை பெறச் சொல்லிக் கொட்டாத காசில்லை, 2023 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைதான். இருக்கிற பிள்ளைகள் படித்து இங்கேயே வேலை எடுக்க வழி செய்வது கெட்டித்தனம். வன்னியில் அது பிறப்பை விட வெளியேற்றத்தின் கணக்கு.

"ரிட்டயர் வயசைக் கூட்டினா பெடியளுக்கு வேலை இல்லாமப் போகுமே?"

அரச சேவையில் 2022 க்கு 65 ஆக்கினார்கள், அந்த வருட முடிவிலேயே மறுபடி 60 க்கு இறக்கினார்கள். தனியார் துறைக்கு 2021 இல் வந்த சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியது. நீளச் சீவிக்கிற சனம் நீள உழைப்பது தவிர்க்க முடியாதது என்பதுதான் உலகெங்கும் சொல்கிற வாதம். ஆனால் வன்னியில் ரிட்டயர் கடிதம் பெறுகிறவர் எத்தனை பேர்? மண்வெட்டி பிடிக்கிறவரையும் வலை இழுக்கிறவரையும் உடம்புதான் ரிட்டயர் ஆக்குகிறது.

"காயப்பட்ட ஆக்களுக்கும் வயசு போகுதே. அவையளை ஆர் கணக்கில எடுக்கினம்?"

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அம்மாமார். திட்டம் போடுகிறவர்கள் வைத்திருக்கிற முதுமைப் பட்டியலில் இது கிடையாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்து, போரில் காலோ கையோ கண்ணோ இழந்தவர்கள் 2030 இல் இருந்து 2050 க்குள் அறுபதைத் தாண்டுவார்கள். பொய்க்கால் சும்மா ஒரு தரம் போட்டு முடிகிற விடயம் இல்லை. உடம்பு மெலியும், தடிக்கும், தேயும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முப்பது வருடம் கைத்தடியில் ஊன்றினால் தோள்மூட்டு போய்விடும். உடம்புக்குள் செல் துண்டோடு இருப்பவர்களுக்கு வயதோடு நோவும் ஏறும். அறுபதில் வரவேண்டிய உடம்பு இவர்களுக்கு நாற்பத்தைந்தில் வருகிறது.

இடுப்புக்குக் கீழே இயங்காதவர்களின் வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். நாற்பத்தைந்து வயது மகனைக் கட்டிலில் இருந்து சில்லுக் கதிரைக்குத் தூக்கி வைப்பது எழுபது வயது அம்மா. படுக்கைப் புண் வராமல் இரவில் எழும்பிப் புரட்டிவிடுவதும் அவதான். அவவுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு இப்போதைக்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. வலது குறைந்தோருக்கான கொடுப்பனவு 2025 இல் 7500 இல் இருந்து 10,000 ஆனது, அது ஒரு உதவி. வேண்டியது சம்பளத்தோடு வீட்டுக்கு வருகிற பராமரிப்பாளர். வன்னிக்கு என்று தனியாக ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

"எங்கட சனம் குறைஞ்சா எம்பி சீற்றும் குறையுமோ?"

சீற் பிரிப்பது பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்து. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு இப்போதும் 6. முதுமையால் சீற் குறைவதில்லை, வயது போனவரும் வாக்காளர்தான். வெளியேற்றமும் பதியாமல் விடுவதும்தான் குறைக்கும். எண்ணுவது பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். சரி, இருக்கிற ஆறு பேரிடம் ஒரு கிளினிக் பஸ்ஸாவது கேட்டிருக்கிறோமா?

"ஊர் மட்டத்தில நாங்கள் என்ன செய்யலாம்? கூட்டம் வைச்சுத் தேத்தண்ணி குடிக்கிறதை விட."

தேத்தண்ணியையும் விடவேண்டாம், பலருக்கு அது அந்தக் கிழமையின் ஒரே வெளிப்பயணம். அதோடு ஒரு கொப்பி போடுங்கள்: தனியே இருக்கிற முதியவர் யார், கிளினிக் எந்தக் கிழமை, அவசரத்துக்கு எந்த உறவினரின் இலக்கம், அடையாள அட்டையும் வயதுச் சான்றும் இருக்கிறதா. நூறு வீட்டுக் கிராமத்தில் இது இரண்டு பின்னேர வேலை. அந்தக் கொப்பியின் பிரதியைக் கிராம அலுவலருக்கும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். வெறும் வாயால் "எங்கட ஊரில கன கிழடுகள்" என்றால் யாரும் எழுத மாட்டார்கள். "முப்பத்தொரு பேர், அதில் ஒன்பது பேர் தனி, பதினாலு பேருக்குச் செவ்வாய்க்கிழமை கிளினிக்" என்றால் இ.போ.ச. டிப்போவிடம் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பஸ் கேட்க ஒரு காரணம் இருக்கும்.

பொதுநோக்கு மண்டபம், கோயில் மடம், வாசிகசாலை எது கட்டினாலும் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் பிடிக்கக் கம்பியும் வையுங்கள், மலசலகூடத்தில் ஒரு கொமேட்டும். மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது இந்த மூன்றும்தான், ஆகவே ஒப்பந்தம் எழுதுகிற அன்றே கமிற்றியில் ஒருவர் போய் இருந்து பார்க்கவேண்டும்.